லலிதா டீச்சர் போனது உன்னால் இல்லை

செல்வின் ராசா,

நேற்றிலிருந்து மூன்று தடவை போனை எடுத்து உனக்கு வாய்ஸ் மெசேஜ் பேசத் தொடங்கினேன். மூன்றையும் பாதியில் அழித்துவிட்டேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாய் சொல்லக் கூச்சப்படும் விஷயம் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று நீ சிரிப்பாய். இருக்கிறது. அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவை டியூட்டிக்கு அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலீஷ் பேப்பரை ஒரே மூச்சில் படித்து முடிக்கிற நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்துச் சமாளிக்கிறவன்தானே நீ. அதுவும் இன்றைக்கு நல்லதுதான். மெதுவாகப் படிக்கிறவனால் அவசரமாகக் கோபப்பட முடியாது. ஜெனி உன்னைவிட நன்றாக வாசிப்பாள், ஆனால் அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. முதலில் நீயே படி. பிறகு உன் பெண்டாட்டிக்கு அவள் மாமியாரைப் பற்றி எவ்வளவு தெரிய வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வந்தபோதே உன் முகம் சரியில்லை. கல்யாணமாகிச் செம்பூருக்குக் குடிபோன இந்த நாலு மாதத்தில், வந்ததும் வராததுமாக நீ பாடம் எடுக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவாய். சோறு ஆறிப்போகும்வரை அதே பேச்சுதான். இங்கிலீஷ் வகுப்பில் யார் எந்த வேஷம் கட்டினார்கள், சோஷியல் வகுப்பில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் வரலாற்றை வரிசையாகத் தொங்கவிட்டபோது யார் எந்த ராஜாவை எந்த ராஜாவுக்கு முன்னால் மாட்டினார்கள் என்று நீ சொல்லச் சொல்ல, அப்பா ஒன்றும் புரியாமலே சிரித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நீ வாயே திறக்கவில்லை. கிளிப்பும் கயிறும் அட்டையும் வைத்திருக்கும் பையைக் கொண்டுவந்து, "இது இங்கயே கெடக்கட்டும்மா" என்று பரணில் தூக்கிப் போட்டாய். ஜெனிதான் விஷயத்தைச் சொன்னாள். சில தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, புது சார் பாடம் நடத்தாமல் விளையாட்டுக் காட்டுகிறார், நோட்டில் ஒன்றுமே இல்லை, யூனிட் டெஸ்டில் பிள்ளைகள் என்னத்தை எழுதும் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை கூட்டம். பிரின்சிபால் முன்னால் நீ பதில் சொல்ல வேண்டும்.

"பதிலெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. கூட்டம் முடிஞ்சு அடுத்த திங்கக்கிழமையிலருந்து போர்டுல கொஸ்டின் ஆன்சர் எழுதிப் போட்டுருவேன். காப்பி பண்ணிக்கட்டும். சும்மா காலி பீலி டென்ஷன் எதுக்கு?" என்றாய். அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஜெனியிடம் சொல்லுகிறமாதிரி, "எங்க லலிதா டீச்சருக்கும் இதுதான் நடந்துச்சு. அவங்க வேலை போனதே என்னாலதான்" என்று சொன்னாய். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த விஷயம் உனக்குள் இன்னும் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சின்னப் பிள்ளை, மறந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனது உன்னால் இல்லை ராசா. என்னால்.

எப்படி என்று சொல்லுகிறேன். நீ ஏழாம் வகுப்பில் இருந்த வருஷம் லலிதா டீச்சர் உங்களுக்கு இங்கிலீஷும் சோஷியலும் எடுக்க வந்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். இஸ்திரி கலையாத பருத்திச் சேலையும் குடையுமாக நடந்து வருவார். நமக்கோ தாராவியில் அப்போது சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. தங்கமணி அண்ணாச்சி வீட்டு மேல் மாலாவில், மாடியில் இருந்த அந்த ஒற்றைத் தகர அறையில் வாடகைக்கு இருந்தோம். வெளியே இரும்பு ஏணி, பிடித்து ஏறக் கயிறு. அந்த ஏணியில் உன் பள்ளிக்கூடப் பையோடு நான் ஏறி இறங்கினதெல்லாம் உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்கத்தான். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றவள். என் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது என்று ஒரே வெறி.

என் வேலை உனக்குத் தெரியும். அன்றும் இன்றும் கார்மெண்ட் கம்பெனியில் அதே செக்கிங்தான். தைத்து வருகிற சட்டையைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் நிற்கிறதா என்று பார்த்து, தொங்குகிற தாகா நூலை வெட்டி, சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு. பகல் பூராவும் அதைச் செய்கிற கை சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் நோட்டை எடுக்கும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரியாது. ஆனால் பக்கம் நிறைந்திருக்கிறதா, கீழே சிவப்பு மையில் டிக் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். டிக் இருந்தால் பாஸ். அன்றைக்கு நான் கண்ணயர்ந்து தூங்குவேன். லலிதா டீச்சர் வந்த பிறகு உன் நோட்டு வெள்ளையாகவே வர ஆரம்பித்தது.

"ஏலே, எங்கல எழுத்து? பக்கம் பூரா வெள்ளையாக் கெடக்கு?" என்று கேட்பேன். "எம்மா, இன்னைக்கு கோர்ட்டு வச்சோம்மா. ஒரு ஆறு, ரெண்டு கிராமம், தண்ணிக்குச் சண்டை. நான்தான் ஜட்ஜ்!" என்று குதிப்பாய். என்ன தீர்ப்புச் சொன்னாய் என்று அப்பா கேட்டால், இரண்டு பேரும் கத்தினதால் இரண்டு பேருக்கும் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ் வீட்டுப் பையன் வேறு பிரிவில் படித்தான். அவன் நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து, பக்கம் பக்கமாக டிக். அதை அவன் அம்மா வாசலில் வைத்துப் புரட்டும்போது எனக்கு வயிறு எரியும். "பய இங்கிலீஸ்லயே பேசுதான்டீ, ஒனக்குக் கேக்கலியா? சும்மா இரி" என்று அப்பா சொன்னார். பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்துதான் நிற்கும் என்று நான் எதிர்த்துப் பேசினேன்.

ஒரு நாள் மட்டும் நானும் மயங்கிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ முதுகோடு முதுகு சேர்த்து என்னை உட்கார வைத்தாய். டீச்சர் சொல்லிக் கொடுத்த விளையாட்டு. ஒருத்தர் கையில் படம், மற்றவர் கையில் வெள்ளைத் தாள். படத்தைக் காட்டாமல் வாயால் சொல்லியே வரைய வைக்க வேண்டும். நான் தமிழில் சொன்னேன். நீ அதை இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிக்கொண்டு வரைந்தாய். ஆட்டோ ரிக்‌ஷாவைச் சொல்லத் தெரியாமல் நான் சொல்லி, நீ வரைந்தது கோழிக்கூடு மாதிரி இருந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். "எம்மா, நீ சரியாச் சொன்னா நான் சரியா வரைவேன். அதுக்குத்தான் டீச்சர் இத வச்சாங்க" என்று எனக்கே வகுப்பு எடுத்தாய். முன், பின், மேலே, இடப்பக்கம் என்று அத்தனை வார்த்தையும் உன் வாயில் இங்கிலீஷில் தடுமாறாமல் வந்தது. அதைக் கேட்ட பிறகும், ராத்திரி நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டேன். எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது, இப்போது எழுதும்போது.

தீபாவளி லீவுக்கு முன்னால் அந்த மேப் வந்தது. சோஷியலில் வரைபடப் பாடம். புத்தகத்தில் இருக்கிற நாட்டை வரைவதற்கு முன்னால் அவரவர் குடியிருக்கிற சந்துக்கு மேப் வரையுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எத்தனை அடி அகலம், குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே, எந்த வீட்டில் யார், எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார்கள், கீழே எத்தனை பேர், மேலே எத்தனை பேர். நீ என் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். ஒவ்வொரு வாசலிலும் நின்று மரியாதையாகக் கேட்டு எழுதினாய். அதுதான் ஏழாம் வகுப்புப் பையனின் பாடம். ஆனால் நம் சந்தில் அந்த மாதத்தில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சர்வே வரப்போகிறது, பழைய காகிதம் உள்ள கீழ்வீட்டுக்காரனுக்குத்தான் புது வீடு, மேல் மாலாவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது, யார் யார் மேலே இருக்கிறார்கள் என்று ஆள் வைத்துக் கணக்கெடுக்கிறார்கள் என்று தண்ணீர்க் குழாயடியில் தினமும் இதே பேச்சு. அந்த நேரத்தில் என் மகன் கையில் டேப்போடு வீடு வீடாகப் போய் மேலே எத்தனை பேர் என்று கேட்கிறான். நீ என்ன பாவம் அறிவாய்.

தங்கமணி அண்ணாச்சி ஏணிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். "ஏ தாயி, எறங்கி வா. எதுக்கு ஒம் மவன் சந்தப் பூரா அளக்கான்? யாரு அனுப்புனா? நாளைக்கு என் வீட்டுக்கு ஒரு கேடு வந்துச்சின்னா நீங்க மேல இருப்பியளா?" அவர் பின்னால் பத்துப் பெண்கள். உன் சார்ட் தாளை வாங்கிப் பார்த்தேன். பச்சைப் பென்சிலில் நம் ஏணியை வரைந்து, பக்கத்தில் நம் பெயரையும் எத்தனை வருஷமாக இருக்கிறோம் என்பதையும் எழுதியிருந்தாய். எனக்கு அதில் தெரிந்தது நாம் தெருவில் நிற்பது மட்டும்தான். என் பிள்ளை செய்தது தப்பில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வாருங்கள், டீச்சரிடமே போய்க் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். அதை விட்டு, அத்தனை பேர் முன்னால் தப்பித்துக்கொள்ள, "எம் மவனுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? அந்த டீச்சரம்மா ஏவி விட்டது. பாடமும் நடத்துததில்ல, நோட்டப் பாருங்க, வெறும் வெள்ளை" என்று சொன்னேன். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலமே புகார் எழுதினோம். நான் தமிழில் சொல்ல, ஒரு காலேஜ் பெண் இங்கிலீஷில் எழுதினாள். பாடம் நடத்துவதில்லை, நோட்டுகள் காலி என்று முதலில். அதோடு நிறுத்தியிருந்தால்கூட அறியாமை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், இந்த டீச்சர் யாருக்காகவோ பிள்ளைகளை வைத்து வீட்டு விவரம் சேகரிக்கிறார் என்று. அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அந்த வரி இருந்தால்தான் பள்ளிக்கூடம் பயப்படும் என்றும் தெரியும். முதல் கையெழுத்து என்னுடையது. உன் மேப்பை நான்தான் கிழித்தேன். டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது லலிதா டீச்சர் வரவில்லை. நீ சாயங்காலம் ஏணியில் பாதியில் உட்கார்ந்து அழுதாய். "நான் அளந்ததாலதானேம்மா டீச்சர் போயிட்டாங்க?" என்று கேட்டாய். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆமா. இனியாவது வேண்டாத வேலைக்குப் போவாம பாடத்தப் படி" என்றேன். கெட்டதிலும் கெட்டது அதுதான். புகாரில் எழுதினது ஊரார் மேல் பயத்தில். இதைச் சொன்னது உன்னை அடக்கி உட்கார வைக்க. அதற்குப் பிறகு வந்த சார் போர்டு நிறைய எழுதிப் போட்டார், உன் நோட்டு நிறைந்தது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிறைந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நீ வீட்டில் இங்கிலீஷ் பேசுவதை நிறுத்திவிட்டது கண்ணில் படவே இல்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நிஜமான சர்வே ஆட்கள் பின்னால் எத்தனையோ வருஷம் கழித்து வந்தார்கள். எந்த வாசல் யாருடையது, எந்த ஏணி எப்போது வைத்தது என்று சந்தில் ஒரே அடிதடி. தங்கமணி அண்ணாச்சி என்னிடம், "ஒம் மவன் அன்னைக்கு வரைஞ்ச படம் இருந்தா இன்னைக்கு எம்புட்டு ஒத்தாசையா இருக்கும்!" என்றார். நான் காது கேட்காதமாதிரி வந்துவிட்டேன்.

ஞாயிறு ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், "போயி அவியளப் பாரு" என்றார். லலிதா டீச்சர் வீடு எனக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்துவிட்டு, காய்கறி வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர் எந்தக் கட்டடத்துக்குள் போகிறார் என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன். நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தலை நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. செல்வின் அம்மா என்றேன். "எந்தச் செல்வின்? ரெண்டு கிராமத்துக்கும் தண்ணி கிடையாதுன்னு தீர்ப்பு சொன்னானே, அவனா?" என்று சிரித்தார். பதினாலு வருஷத்துக்குப் பிறகும் உன்னை அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். வந்த காரணத்தை எப்படியோ சொல்லி முடித்தேன்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்த லெட்டரை ஸ்கூல்ல எனக்குக் காட்டினா. முதல் கையெழுத்து மட்டும் அழகாத் தமிழ்ல இருந்தது. யாருன்னு நான் கேக்கலை" என்றார். மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் போர்டு பாடம்தான் என்று ஒத்துக்கொண்டால் வேலையில் இருக்கலாம் என்று சொன்னார்களாம். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "என் மேலயும் தப்பு இருக்கு. குழந்தைகளை அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட எல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எனக்கு அது பாடம். உங்களுக்கு அது வீடு. அது எனக்கு அப்போ புரியலை. ஆனா, யாருக்கோ விவரம் சேகரிக்கறேன்னு எழுதினேளே, அதுக்கு மட்டும் நான் ரொம்ப நாள் அழுதேன்" என்றார். நீ இப்போது அதே பாடத்துக்கு வாத்தியார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அவர் போனதற்குக் காரணம் நீதான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னதும், கையிலிருந்த டம்ளரை டங்கென்று வைத்தார். "ஒரு குழந்தையை இத்தனை வருஷமா அப்படியா நினைக்க விட்டேள்? எங்கிட்ட எதுக்கு வந்தேள்? முதல்ல அவன்கிட்டப் போங்கோ" என்று எழுந்துவிட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நான் ஆசைப்பட்டதும் உண்மைதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் ஒரு விஷயத்தில் உன் பிரின்சிபாலைவிட எனக்கு அதிகம் தெரியும். காலி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுகிற தாய் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை உன் எதிரே உட்காரப் போகிறவர்கள் உனக்கு எதிரிகள் இல்லை. பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அவர்களால் படிக்க முடிந்த ஒரே எழுத்து அந்தச் சிவப்பு டிக்தான். அதையும் நீ எடுத்துவிட்டால் பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று அவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? பீரியட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது விளையாட்டை நிறுத்து. இன்றைக்கு என்ன செய்தோம், நான் என்ன தெரிந்துகொண்டேன் என்று பிள்ளைகளே சொந்தமாக நாலு வரி எழுதட்டும். நீ தேதி போட்டு ஒரு டிக் போடு. அதில் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் ஒரு அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். அந்த நாலு வரியைப் பிள்ளை வீட்டுப் பாஷையில் அவளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஒரு கண்டிஷனும் போடு.

கூட்டத்தில் லெக்சர் அடிக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, கேட்டால் ஜெனி சொல்லுவாள். வந்தவர்களை அவரவர் பிள்ளையோடு முதுகோடு முதுகு வைத்து உட்கார வை. ஒரு படத்தைக் கொடு. அம்மா தமிழிலோ மராத்தியிலோ ஹிந்தியிலோ சொல்லட்டும், பிள்ளை அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வரையட்டும். தன் பிள்ளை வாயிலிருந்து வருவதை அவள் காதாலேயே கேட்பாள். பிள்ளைகளை வெளியே அனுப்பி யாரையாவது எதையாவது கேட்கச் சொல்வதானால், முன்கூட்டி வீட்டுக்குச் சொல்லி அனுமதி வாங்கு. உனக்குச் சாதாரணமாகத் தெரிகிற ஒரு கேள்வி ஒரு வீட்டில் என்ன பண்ணும் என்று உனக்கு இப்போது தெரியும். இன்னும் ஒன்று. அன்றைக்கு உங்கள் கோர்ட்டு விளையாட்டில் சத்தமாகப் பேசுகிறவன்தான் எப்போதும் ஜட்ஜ். வாயே திறக்காத ஒரு பெண்ணை எல்லா நாளும் ஊர் ஜனமாக நிற்க வைத்ததாக நீயே அப்போது சொல்லியிருக்கிறாய். உன் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். அவளை ஒரு நாள் நாற்காலியில் உட்கார வை.

நாளைக்குக் காலையில் அப்பா அணுசக்தி நகர் காண்டீனுக்குப் போகிற வழியில் செம்பூரில் இறங்கி இதை உன் கையில் கொடுப்பார். அவரிடம் ஒன்றும் கேட்டுக்கொண்டிருக்காதே, அவருக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். சனிக்கிழமை நான் வர வேண்டுமா என்று மட்டும் சொல்லி அனுப்பு. வரச் சொன்னால் வந்து மூலையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுந்து நிற்பேன். "நானும் ஒங்கள மாதிரி நோட்டப் பாத்துத்தான் பயந்தேன். பயத்துல ஒரு நல்ல டீச்சர் மேல பொய் எழுதினேன். எம் மவன் அதத் தன் தப்புன்னு பதினாலு வருசம் நெனச்சிக்கிட்டு இருந்துட்டான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவேன். அன்றைக்கு ஊர் முன்னால்தான் பொய் சொன்னேன், நிஜத்தையும் ஊர் முன்னால் சொல்வதுதான் முறை. உனக்கு அது தலைகுனிவாக இருக்கும் என்று தோன்றினால் வராதே என்று சொல், வரமாட்டேன்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு மாதம் பேசாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை ஜெனியை மட்டும் அனுப்பு. நேரில் வந்து சத்தம் போடு, சந்தே கேட்கட்டும். என் செல்லமே, நீ எவ்வளவு கோபப்பட்டாலும் நான் வாங்கிக்கொள்வேன், அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் ஏழாம் வகுப்புக்குள் நுழையும்போது அந்தக் கோபத்தைக் கூட்டிக்கொண்டு போகாதே. போர்டு பூராவும் கேள்வி பதில் எழுதிப் போட்டு, உன் அம்மா செய்த தப்புக்கு அந்தப் பிள்ளைகளைத் தண்டித்துவிடாதே.

உன் பதில் எதுவானாலும் கேட்கத் தயாராக இருக்கும்
அம்மா